பன்னிரண்டு கோல் வாங்கிய கப்டன்

லூயிஷாம், இலண்டன்
11.01.2009

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ராசன் எழுதுவது. இங்கே நானும் கனகாம்பிகையும் சுகம். என் இடுப்பு நாரி மட்டும் சுகமில்லை. டூட்டிங் மீன்கடையில் குனிந்து நின்று வெட்டுகிறவனுக்கு நாரி சுகமாயிருந்தால்தான் முதலாளி சந்தேகப்படுவார். உன் முழங்காலும் அத்தானின் சலரோகமும் அடங்கியிருக்கின்றனவா?

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் போன மாதமே வந்துவிட்டது. ஜன்னல் வைத்த வெள்ளை உறையைக் கண்டதும், இரத்தம் எடுக்க வரச்சொல்லி டொக்டர் அனுப்பியது என்று நினைத்து அரிசி வாளிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். நேற்றுக் கனகாம்பிகை அதை எடுத்து என் முன்னால் போட்டு, "ஊசிக்குப் பயந்த சிங்கமே, இது உங்கட அக்கா" என்றாள்.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அதனால் நீ எழுதியதை எனக்கு விளங்கியபடி திருப்பிச் சொல்கிறேன், பிழையென்றால் திருத்து. உன் மகள் தாரகா, எமில் நோர்டின் என்ற சுவீடன் பெடியனைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாள். அவன் உன் வீட்டுக்கு வந்து, அத்தானைக் குளிரவைக்கலாம் என்று நினைத்து, "என்னுடைய பூட்டனார் இராணுவத்தில் கப்டன். சுவீடனுக்காகப் பந்து உதைத்தவர். 1908 ஒலிம்பிக்கில் இலண்டனுக்கே போய் ஆடினவர்" என்று நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறான். பந்து அத்தானின் காதில் விழவில்லை. இராணுவம் விழுந்துவிட்டது. "ஆமிக்காரன்ர பரம்பரைக்கு என்ர பிள்ளை இல்லை. போறதெண்டால் போகட்டும், திரும்பி இந்தப் படி மிதிக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டார். தன் தம்பி அருள்நேசன் வன்னியில் ஷெல்லடிக்குள் கிடக்கும்போது அந்த மனிதர் வேறென்ன சொல்வார்?

நீ கேட்பது, அந்தக் கப்டன் எப்படிப்பட்ட ஆள் என்று தாய்மாமனாகிய நான் இலண்டனில் விசாரிக்கவேண்டும். அக்கா, எங்கள் சனம் மாப்பிள்ளையின் தகப்பனை விசாரிக்கும், தகப்பனின் தகப்பனை விசாரிக்கும். செத்துப்போன வெள்ளைக்காரனை விசாரிக்கிற முதல் தாய்மாமன் நான்தான். செய்கிறேன். ஆனால் கேட்காமலே இவ்வளவு புளுகுகிறவனை நான் நம்பமாட்டேன். "இண்டைக்குப் பிடிச்ச மீன்" என்று மூன்று தரம் சொல்கிற வியாபாரியிடம் நான் வாங்குவதில்லை.

போனில் கதைத்தால் அத்தான் ஸ்பீக்கரில் போடுகிறார் என்று எழுதியிருந்தாய். சரி, நீ வேலை செய்யும் முதியோர் இல்லத்து முகவரிக்கே எழுதுகிறேன். ஐம்பது வயதில் அக்காவுக்குக் களவாய்க் கடிதம் போடும் பாக்கியம் எனக்கு.

தாரகா இன்னும் உன்னோடுதானே இருக்கிறாள்?

உன் முழங்காலுக்கு ஒரு முத்தம்,
தம்பி ராசன்


கோத்தன்பேர்க், சுவீடன்
02.02.2009

அன்புள்ள தம்பி ராசனுக்கு,

நாங்கள் சுகமாயிருக்கிறோம். உன் நாரிக்கு வெந்நீர் ஒத்தடம் பிடி. டொக்டரிடமும் போ, வாளிக்குப் பின்னால் ஒளிக்காதே.

இதைக் கனகாம்பிகைக்குச் சொல்லாதே என்று எழுத நினைத்தேன். உன் கடிதத்தைப் பார்த்த பிறகு பேனையை வைத்துவிட்டேன். அவளாவது வேறு ஆருக்கும் சொல்லாதிருக்கட்டும்.

தம்பி, நான் விசாரிக்கச் சொன்னது பழுது பிடிக்க அல்ல. அத்தானுக்கு முன்னால் வைக்க எனக்கு ஏதாவது வேண்டும். அவருடைய வாயிலிருந்து வந்த சொல் திரும்பி உள்ளே போகாது, உனக்குத் தெரியும். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவள் படி மிதிக்காத வீட்டில் நான் விளக்கேற்றி என்ன?

அருள்நேசனிடமிருந்து பொங்கலுக்குப் பிறகு சத்தம் இல்லை. அத்தான் வேலையால் வந்தவுடன் டீவிக்கு முன்னால் இருந்துவிடுகிறார்.

தாரகா வேலைக்கு ஒழுங்காய்ப் போய்வருகிறாள்.

அன்புடன்,
அக்கா சுசிலா


லூயிஷாம்
15.02.2009

அன்புள்ள அக்காவுக்கு,

ஒத்தடம் பிடித்தேன். கனகாம்பிகை பிடித்தாள் என்று சொல்வதுதான் சரி. தோல் உரிந்துவிட்டது, நாரி நோவை மறந்துவிட்டேன். அத்தானுக்குச் சீனி கூடாமல் பார்த்துக்கொள்.

நான் கேட்டது தாரகா எங்கே படுக்கிறாள் என்று. நீ எழுதியது எங்கே வேலை செய்கிறாள் என்று. பரவாயில்லை, பிறகு பிடிக்கிறேன்.

விசாரணைக்குப் போனேன். வைற் சிற்றியில்தான் அந்த ஒலிம்பிக் நடந்ததாம். அங்கே மைதானமும் இல்லை, புல்லும் இல்லை. முழுக்கக் கண்ணாடிக் கட்டிடங்கள். ஒரு வாசலில் நின்ற செக்யூரிட்டியைப் பார்த்தால் எங்கள் பெடியன், பெயர் சேகர், ஊர் புங்குடுதீவு. நான் வந்த காரியத்தைச் சொன்னேன். "அண்ணை, மாப்பிள்ளை விசாரணைக்கு இஞ்ச வந்த முதல் ஆள் நீங்கள்தான்" என்று சிரித்துவிட்டுத் தன் போனில் தட்டிப் பார்த்தான். "ஓம், சுவீடன்காரர் வந்து ஆடியிருக்கினம். இங்கிலாந்துக்காரரோட. பன்னிரண்டுக்கு ஒண்டு."

"ஆருக்குப் பன்னிரண்டு?"

"சுவீடனுக்கு விழுந்தது அண்ணை."

அக்கா, அந்தக் கப்டன் ஆடினது பின்வரிசையில் என்று நீதான் எழுதியிருந்தாய். கோல் போகவிடாமல் மறிக்கிற இடம். பன்னிரண்டு போகவிட்டிருக்கிறார்! எனக்குப் பந்தும் தெரியாது சட்டமும் தெரியாது. ஆனால் இது என் கடையில் நடந்திருந்தால் பின்வரிசைக்காரனை அன்றைக்கே ஐஸ் பெட்டிக்குள் போட்டிருப்பார்கள்.

தோற்றதில் எனக்குக் கோபமில்லை. பெடியன் ஏன் அதைச் சொல்லவில்லை? இலண்டனுக்கு வந்தார் என்று சொன்னவன், வந்து என்ன வாங்கிக்கொண்டு போனார் என்பதை விழுங்கிவிட்டான். பன்னிரண்டை விழுங்குகிற வாய் இன்னும் என்னென்ன விழுங்கியிருக்குமோ? பந்து உதைத்த கதையில் இவ்வளவு ஒளிப்பு என்றால், துவக்குப் பிடித்த கதையில் எவ்வளவு இருக்கும்? கப்டன் என்றால் சும்மா கப்டனா? எங்கே நின்றார், யாரை என்ன செய்தார்? கேட்டு எழுது.

பன்னிரண்டு தரம் விசாரித்ததாகச் சொல்,
தம்பி ராசன்


கோத்தன்பேர்க்
08.03.2009

அன்புள்ள தம்பி ராசனுக்கு,

எல்லாரும் சுகம். உங்கள் இருவரின் சுகத்துக்கும் மன்றாடுகிறேன். உரிந்த தோலுக்குத் தேங்காயெண்ணெய் பூசு.

நீ பெடியனைச் சும்மா சந்தேகப்படாதே. தோற்றதை ஆரடா புதுப் பெண் வீட்டில் போய்ச் சொல்வான்? கனகாம்பிகையைப் பார்க்கப் போனபோது, சைக்கிள் ஓடத்தெரியாமல் கிணற்றுக்குள் விழுந்ததை நீ சொன்னாயா?

கப்டனின் ஊர் வடக்கே அல்னவீக். மரம் அரியும் ஆலை உள்ள சின்ன ஊர். எமிலின் பாட்டனார், கப்டனின் மகன், இன்னும் அங்கேதான் இருக்கிறார். கப்டனுடைய படம் நடைவழியில் மாட்டியிருக்கிறது. மெல்லிய ஆள், முறுக்கின மீசை, கையில் பந்து. முகத்தில் கொடுமை இல்லை, ராசன். கொஞ்சம் வெட்கம்தான் இருக்கிறது. இராணுவத்தில் என்ன செய்தார் என்று கேட்டால், "அப்பா அதைப் பற்றி வீட்டில் கதைத்ததில்லை" என்கிறார் பாட்டனார்.

நீ மீன்காரன், உனக்கு ஒரு பகிடி சொல்கிறேன். அந்தப் பக்கத்துச் சனம் மீனைச் சீனியும் வினாகிரியும் விட்டு ஊறவைத்துப் பச்சையாய்த் தின்னும். வாயில் வைத்ததும் இனிக்கும், பிறகு புளிக்கும், விழுங்கின பிறகுதான் மீன் என்று தெரியும்.

அருள்நேசனைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. பாதுகாப்பு வலயம் என்கிறார்கள், அதற்குள்ளேயே அடிக்கிறார்கள். அத்தான் இரவில் சாப்பிடுவதில்லை.

அன்புடன்,
அக்கா சுசிலா


லூயிஷாம்
22.03.2009

அன்புள்ள அக்காவுக்கு,

தேங்காயெண்ணெய் பூசினேன், தோல் பரவாயில்லை. அத்தானை ஒரு பிடி சோறாவது தின்னச் சொல். அருள்நேசனுக்காகச் சிவன் கோயிலில் அர்ச்சனை செய்தோம்.

உன் கடிதத்தைக் கனகாம்பிகை வாசித்தாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன், அவள் சிரிக்கவில்லை. மீன் வந்த இடத்தில் விரலை வைத்து, "உங்கட அக்கா அங்க போய்ச் சாப்பிட்டிட்டா" என்றாள்.

"ஆரும் சொல்லியிருப்பினம்" என்றேன்.

"முதல் இனிக்கும், பிறகு புளிக்கும் எண்டு சொல்லக் கேட்டு எழுதேலாது. அது நாக்கு எழுதினது."

அக்கா, உண்மையைச் சொல். நீ கை நனைத்துவிட்டாயா?

சம்பந்தம் சரி என்று இரண்டு பக்கமும் வாய்விட்டுச் சொல்லும்வரை அந்த வீட்டில் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடியாத சனம் நாங்கள். கை நனைத்தால் சொல் கொடுத்ததற்குச் சமம். இந்தச் சட்டத்தை எனக்குப் படிப்பித்தவளே நீதான். கனகாம்பிகை வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனபோது அவள் தேத்தண்ணியோடு வந்து நிற்க, நீ விக்கலெடுத்துக்கொண்டே "வேண்டாம் பிள்ளை" என்று சொன்னவள். அவள் அதை இன்றைக்கும் மறக்கவில்லை. "எனக்கு விக்கலோட இருந்தவ, வெள்ளைக்காரன்ர வீட்டிலை பச்சை மீன் தின்றிருக்கிறா" என்று இரண்டு நாளாய்ச் சொல்கிறாள்.

எப்போது போனாய்? அத்தானுக்கு ஷிப்ட் என்று சொல்லிவிட்டா போனாய்? சொல் கொடுத்து முடிந்த பிறகுதான் என்னை விசாரிக்க விட்டாயா? அப்படியென்றால் நான் விசாரிக்கிறது மாப்பிள்ளையையா, உன்னையா?

கோபமில்லை. கொஞ்சம் பொறாமை. எனக்கு ஒரு துண்டு மீனாவது கட்டி அனுப்பியிருக்கலாம்.

உன் விசாரணை உத்தியோகத்தர்,
தம்பி ராசன்


லூயிஷாம்
19.04.2009

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போன் எடுத்தேன், அத்தான் எடுத்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

மீன் விஷயத்தை விடு. பகிடிக்கு எழுதினேன்.

போரை நிறுத்தச் சொல்லிக் கனகாம்பிகை ஒவ்வொரு நாளும் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் இருக்கிறாள். நானும் ஷிப்ட் முடிந்து உடுப்பு மாற்றாமல் போகிறேன். அவ்வளவு சனத்துக்குள்ளும் மீன் மணத்தால் எனக்குப் பக்கத்தில் மட்டும் இடம் கிடக்கும். வயதுபோனவர்களைக் கூப்பிட்டு இருத்துவேன். இப்போதெல்லாம் அவர்கள்கூடச் சிரிப்பதில்லை.

ஏதாவது தெரிந்தால் ஒரு வரி எழுது. தெரியாவிட்டாலும் எழுது.

தம்பி


கோத்தன்பேர்க்
14.06.2009

அன்புள்ள தம்பி ராசனுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்களும் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அருள்நேசனைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. முகாம்களில் இருப்பவர்களின் பெயர்களையெல்லாம் கேட்டாயிற்று. சண்டையின் கடைசி வாரத்தில் கண்டதாக ஒருவர் சொன்னார், பிறகு அது வேறு அருள்நேசன் என்றார். அத்தான் தாடி வழிப்பதில்லை. அந்தியேட்டி செய்வதா இல்லையா என்று கேட்கவும் எனக்குத் துணிவில்லை, ராசன். செய்தால் செத்ததாக ஆகிவிடும்.

போன கிழமை டீவியில் ஒரு பழைய அணிவகுப்புக் காட்டினார்கள், இந்த நாட்டு இராணுவம். அத்தான் எழும்பிப் போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். தாரகா அன்று பார்க்க வந்திருந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

இனி விசாரிக்கவேண்டாம். எல்லாம் முடிந்துவிட்டது.

நீ மார்ச்சில் கேட்டதை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். கனகாம்பிகைக்குச் சொல், அன்று எனக்கு உண்மையிலேயே தேத்தண்ணி வேண்டியிருந்தது.

அக்கா


லூயிஷாம்
05.07.2009

அன்புள்ள அக்காவுக்கு,

நாரி, தோல், எல்லாம் சுகம். உங்கள் வீட்டின் சுகத்தை இப்போது கேட்க எனக்கே வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

"வாசலில் நின்றுவிட்டுப் போனாள்." அப்படியென்றால் அவள் உன்னோடு இல்லை. சனவரியில் கேட்டதற்கு யூனில் பதில் வந்திருக்கிறது. தபால் பிந்துவது எனக்குப் பழக்கம்தான்.

நீ விசாரிக்கவேண்டாம் என்கிறாய். சொல் கொடுத்தவள் நீ. அதை முறிந்துபோக விட்டுவிட்டு நான் மீன் வெட்டிக்கொண்டிருக்கவா? கனகாம்பிகைதான் வழி சொன்னாள். "எங்கட ஆக்களைக் கோயில்ல விசாரிக்கிறம். அவையளுக்குக் கோயில் இல்லையோ?" இருக்கிறது. இலண்டனில் சுவீடன்காரருக்கு ஒரு தேவாலயம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, கோப்பி ஊற்றி இனிப்பு ரொட்டி கொடுக்கிறார்கள். நான் குளித்து, சென்ற் அடித்துக்கொண்டு போய், மேசை மேசையாய், "நோர்டின் குடும்பம், அல்னவீக் பகுதி, தெரியுமா?" என்று கேட்டேன். சிரித்தார்கள். நல்லூர்த் தேரிலும் புதுச் சனம் கேட்டால் முதலில் சிரிக்கத்தானே செய்கிறோம்.

மூன்றாம் மேசையில் ஒரு வயதுபோன அம்மா, பெயர் பிரித்தா. எண்பது இருக்கும். "கப்டன் நோர்டினா? பன்னிரண்டு!" என்று கைதட்டினார். அவருக்கு ஊரில் வைத்த பட்டப்பெயராம் அது. பிரித்தா அம்மாவின் தகப்பன் கப்டனுக்குக் கீழே சிப்பாயாய் இருந்தவராம். கப்டன் சனிக்கிழமை தோறும் சிப்பாய்களைப் பனிக்குள் பந்து உதைக்கவைப்பாராம். என் அரைகுறை இங்கிலீசுக்கு அவ்வளவு அழகாய்ப் பதில் சொன்னார்.

பிறகு நான் கேட்டேன், அவர் ஆரையாவது சுட்டாரா என்று.

அக்கா, அந்த மனுசி கோப்பையைக் கீழே வைத்தார். முகம் மாறிவிட்டது. "ஒருமுறை எங்கள் ஊருக்கு இராணுவம் வந்தது" என்றார். அவ்வளவுதான். ரொட்டி பரிமாறப் போகவேண்டும் என்று எழும்பிவிட்டார். செவுளைத் திறந்து பார்க்கவிடாத மீன் வியாபாரியைப் போல.

ஏதோ இருக்கிறது. திரும்பப் போகிறேன். நல்லதோ கெட்டதோ, கொண்டுவருவேன்.

தம்பி ராசன்


கோத்தன்பேர்க்
02.08.2009

மச்சான் கிருஷ்ணராசாவுக்கு,

உமது அத்தான் ஆனந்தராஜா எழுதுவது. நீரும் கனகாம்பிகையும் நலமென நம்புகிறேன். இங்கு எனது சுகம் பற்றி எழுத விசேஷமில்லை.

சுசிலா லீவில் நின்றபடியால், அவளுடன் வேலை செய்யும் பெண் உமது கடிதமொன்றை வீட்டில் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனாள். நான் அதைத் திறக்கவில்லை. மேசையில் இருக்கிறது. சுசிலா அதைக் கண்டு நின்ற விதத்தில் இது முதல் கடிதம் அல்ல என்று விளங்கிக்கொண்டேன். என் மனுசி தன் தம்பியோடு எனக்கு ஒளித்துக் கதைக்கும்படி நான் நடந்துகொண்டேனா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பதில் உம்மிடம் கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். நீர் அந்த ஆமிக்காரனை விசாரிக்கிறீர் என்று சுசிலா ஒத்துக்கொண்டாள். நீர் பகிடிக்காரன். ஆனால் சோடித்துக் கதைத்ததில்லை.

அவன் சனத்தைச் சுட்டவனா? நேராக எழுதும்.

இப்படிக்கு,
ஆனந்தராஜா


லூயிஷாம்
16.08.2009

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட்டு மருந்து எடுக்கவேண்டும் என்று கனகாம்பிகை எழுதச் சொல்கிறாள். பகிடியை ஒதுக்கிவைத்து எழுதுகிறேன். எனக்கு இது கஷ்டம், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்ததும் இங்கே சுவீடன் தேவாலயத்தில் நான் கண்ட பிரித்தா என்ற அம்மாவின் வீட்டுக்கே போனேன். என்ன சொன்னாரோ அதை மட்டும் எழுதுகிறேன்.

அவர் பிறக்க முன்பு, அல்னவீக்கில் மரம் அரியும் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்திருக்கிறது. ஆலைக்காரர் இராணுவத்தைக் கூப்பிட்டார்கள். கப்டன் நோர்டின் துவக்குக்காரரோடு போனார். இதை நான் மறைக்கவில்லை அத்தான். போனார். ஆலை வாசலில் ஆண்களும் பெண்களுமாய்ச் சனம் நின்றது. துவக்கை நீட்டச் சொன்னார். நீட்டினார்கள். பிரித்தா அம்மாவின் தகப்பனும் நீட்டினார். முதல் நாள் தேவாலயத்தில் நான் கேட்டபோது அவர் வாயை மூடினது அதனால்தான். கப்டனுக்காக அல்ல, தன் தகப்பனுக்காக.

அந்த ஊர் ஆண்களில் பாதிப்பேர் கட்டாய இராணுவச் சேவையைக் கப்டனிடம் செய்தவர்கள். அவர் பந்து உதைக்கப் பழக்கியவர்கள். அவர் இலண்டனுக்குப் போய்ப் பன்னிரண்டு கோல் வாங்கினதை அறிந்து, "பன்னிரண்டு" என்று பட்டம் வைத்தவர்களும் அவர்கள்தான். நீட்டின துவக்குகளுக்கு முன்னால் நின்று ஒருவன் கத்தியிருக்கிறான். "பன்னிரண்டு! இண்டைக்கு எத்தினை?"

முதலில் சனம் சிரித்ததாம். பிறகு துவக்குப் பிடித்தவர்களும் சிரித்துவிட்டார்கள். பிரித்தா அம்மாவின் தகப்பனுக்குச் சிரிப்பில் துவக்கு ஆடினதாம். கப்டனுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. பிறகு துவக்கை இறக்கச் சொல்லி, எல்லாரையும் திருப்பி நடத்திக்கொண்டு போய்விட்டார். சிரித்த அத்தனை பேரையும் குதிரை லாயம் கூட்டவிட்டார். அதற்குப் பிறகு அவருக்குப் பதவி உயரவில்லையாம்.

இரக்கத்தில் திரும்பினாரா, வெட்கத்தில் திரும்பினாரா என்று கேட்டேன். "என் தகப்பனுக்கும் அது தெரியாமல்தான் செத்தார்" என்றார் அந்த அம்மா.

அதனால் எனக்கும் தெரியாது. நல்லவர் என்று நான் எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள், ஆகையால் எழுதவில்லை. அவர் சுடவில்லை. விசாரித்ததில் எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

மேசையில் இருக்கும் கடிதத்தை அக்காவிடம் கொடுங்கள். மற்றதை அவளிடம் கேளுங்கள். கேட்டால் சொல்வாள் என்று நினைக்கிறேன். நான்தான் கேட்கிற விதத்தில் கேட்கவில்லை.

உங்கள் மைத்துனன்,
கிருஷ்ணராசா


கோத்தன்பேர்க்
20.09.2009

அன்புள்ள தம்பி ராசனுக்கு,

சுகமாயிருக்கிறோம். இந்தச் சொல்லை இந்த வருசத்தில் முதல்முறையாக யோசித்து எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அத்தான் வாசித்துவிட்டுப் பால்கனிக்குப் போனார். நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். என்னைப் பாராமல், "சனம் பகிடி விட்டதாம். அவங்கள் சுடேல்லையாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம் அதையே சொன்னார். பிறகு, "எங்கட சனத்தின்ர பேர் தெரிஞ்ச ஒருத்தனாவது அங்க நிண்டிருந்தால், ராசாத்தி" என்றார். என்னை அப்படிக் கூப்பிட்டுப் பல வருசம்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். போன நத்தார் பண்டிகைக்கு முன்பு ஷிப்ட் என்று பொய் சொல்லி அல்னவீக்குக்குப் போனது, மீன் தின்றது, தாரகா தையிலிருந்து எமிலோடு இருப்பது, எல்லாம். திட்டுவார் என்று இருந்தேன். "இனிச் சொல் மாறேலாது" என்றார். அடுத்த நாள் தாடி வழித்துவிட்டு, தாரகாவுக்குத் தானே போன் எடுத்து, பெடியனை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூட்டிவரச் சொன்னார்.

ஒரு நிபந்தனை. எமிலின் பாட்டனாரோடு தான் நேரில் கதைக்கவேண்டுமாம். என்ன கதைக்கப்போகிறார் என்று எனக்குச் சொல்லவில்லை. அதுதான் இப்போது எனக்குப் பயம்.

கலியாண எழுத்து கார்த்திகையில். நீங்கள் இரண்டு பேரும் வராமல் நடக்காது. மீன் கட்டித் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா சுசிலா


லூயிஷாம்
13.12.2009

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாய் வந்து சேர்ந்தோம். கனகாம்பிகைக்குக் குளிர் பிடித்துத் தடிமன், எனக்கு உன் வீட்டுச் சாப்பாட்டால் இடுப்புப் பட்டியில் ஒரு ஓட்டை கூட. தாரகாவும் எமிலும் சந்தோஷமாய் இருக்கிறார்களா?

நீ பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. எமிலின் பாட்டனார் மண்டபத்துக்குள் வந்தவுடன் நான்தான் முதலில் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன், கப்டனின் மகன் அல்லவா. மீன் பெட்டி தூக்குகிற பிடி, மனுசன் கொஞ்சம் ஆடிப்போனார். பிறகு அத்தான் அவரை ஒரு மேசையில் இருத்தி, கையைப் பிடித்துக்கொண்டு கதைக்கத் தொடங்கினார். நீ பந்தியில் ஓடித்திரிந்தபடியால் கேட்டிருக்கமாட்டாய். நான் பக்கத்தில் நின்றேன். சுவீடன் பாசையில் தொடங்கி, நடுவில் தன்னையறியாமல் தமிழுக்கு வந்துவிட்டார். அருள்நேசன் சின்ன வயதில் தன் தோளில் இருந்து தேர் பார்த்தது, கடைசிப் போனில் "அண்ணை, லைன் நல்லாயில்லை" என்று சொன்னது, முகாம்களில் தேடினது, எல்லாவற்றையும் சொன்னார். வீட்டில் உன்னிடம்கூடச் சொல்லாதவை. பெரியவர் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. அத்தானின் முகத்தையே பார்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் அவருடைய கையைப் பொத்தி வைத்திருந்தார்.

எழும்பி வரும்போது அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மனுசன் ஒரு சொல்லும் தவறவிடாமல் கேட்டார் ராசன். இந்த வருசத்திலை என்னை முழுசாய்க் கேட்ட ஒரே ஆள்" என்றார்.

நேற்றுக் கனகாம்பிகை நான் கலியாணத்துக்குப் போட்ட சட்டையை வோஷிங் மெஷினில் போட்டாள். மெஷின் கடகடவென்றது. நிறுத்திப் பார்த்தால், சட்டையின் மேல் பைக்குள் பெரியவருடைய காதுக் கருவி. நான் கட்டிப்பிடித்தபோது விழுந்திருக்கவேண்டும். ஹீற்றருக்கு மேல் வைத்து உலர்த்தினேன். அது வேலை செய்யவில்லை. இதோடு பார்சலில் வருகிறது. கொஞ்சம் சோப் மணம் இருக்கும்.

தம்பி ராசன்